கண்ணாடிக்கு வெளியே பதினான்கு பேர்

கூட்டம் காலை பத்து மணிக்கு என்று சுற்றறிக்கை சொன்னது. பத்து ஏழுக்குத் தொடங்கியது. வந்திருந்தவர்கள் நான்கு பேர். நீள மேசையின் தலைமாட்டில், ஓடுபாதைக்கு முதுகைக் காட்டியபடி, நிலைய இயக்குநர் ஜெயசீலன். அவருக்கு வலப்பக்கம், கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, விமான இயக்கப் பிரிவின் தலைவர் கோபாலரத்தினம். இடப்பக்கம், மடிக்கணினியை முழுசாகத் திறக்காமல், பாதி மூடியபடி, மென்பொருள் பொறியாளர் ஹிதாயா. வாசலை ஒட்டிய நாற்காலியில், ஏசிக் காற்று நேரே உச்சந்தலையில் அடிக்கும் இடத்தில், குறைதீர்ப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் மங்கையர்க்கரசி.

ஐந்தாவதாக ஒருவர் இருந்தார் என்றும் சொல்லலாம். அவருக்கு நாற்காலி போடவில்லை. கூரையில் பதித்திருந்த கறுப்புக் குமிழ் வழியாக அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆவணங்களில் அவருடைய பெயர் 'ஒருங்கிணைந்த முனைய மேலாண்மை அமைப்பு'. தரை துடைப்பவரிலிருந்து இயக்குநர்வரை எல்லோரும் கூப்பிட்டது மேஸ்திரி என்று.

தலைநகரின் செம்பாக்கூர் பன்னாட்டு விமான நிலையத்தில் புதிய முனையம் திறந்து அன்றோடு பத்தொன்பது நாள். பழைய முனையத்தில் அறுநூறு பேர் ஓடியும் கத்தியும் செய்த வேலையை இங்கே மேஸ்திரி சத்தமில்லாமல் செய்தது. எந்தக் கதவு எப்போது திறக்க வேண்டும், எந்தப் பெட்டி எந்தப் பட்டையில் ஏற வேண்டும், எந்த விமானம் எந்த நொடியில் நகர வேண்டும், எல்லாம் அதன் முடிவு. வெள்ளிக்கிழமை சான்றிதழ்க் குழு வருகிறது. அன்று செவ்வாய்.

"கதவு சாத்தியாச்சு, பெட்டி ஏத்தியாச்சு, பைலட் பெல்ட்டு போட்டு உக்காந்திருக்காரு," என்றார் கோபாலரத்தினம். "மேஸ்திரி விட மாட்டேங்குது. நாலு நிமிஷம். ஆறு நிமிஷம். போன வாரம் மஸ்கட் ஃபிளைட்டு பதினோரு நிமிஷம். ஓடுபாதை காலியா கெடக்கு, மழை இல்ல, மாடு இல்ல. சும்மா நிக்குது."

"எல்லா விமானமுமா?" என்று கேட்டார் இயக்குநர்.

"அதான் சார் வேடிக்கை. காலையில கெளம்புற பிசினஸ் ஆளுங்க ஃபிளைட்டெல்லாம் டாண்ணு போயிடுது. சிங்கப்பூர், குவைத், மஸ்கட், கோலாலம்பூர், இதுங்கதான் மாட்டிக்குது. அதாவது, எங்கெல்லாம் ஒரு ஆளை அனுப்ப ஒரு வேன் வருதோ, அங்கெல்லாம்."

ஹிதாயா தலையை அசைத்தாள். "உண்மைதான் சார். கண்ணாடிக்கு வெளியே நிக்கற கூட்டம் கலையற வரைக்கும் மேஸ்திரி விமானத்தை விடறதில்ல. ஏன்னு எங்களால கண்டுபிடிக்க முடியல."

ஜெயசீலன் கெட்ட மனிதர் அல்லர். முடிவெடுத்துவிட்டு வருத்தப்படுகிற ரகம். "கூட்டம் இருந்தாத்தானே நிக்கும்," என்றார். "வெள்ளிக்கிழமையிலிருந்து வழியனுப்ப வர்றவங்க யாரும் வளாகத்துக்குள்ள வர வேண்டாம். ரெண்டு கிலோமீட்டர் முன்னாடி, மெட்ரோ நிலையத்துலேயே இறங்கிக்கட்டும், அங்கேயே டாட்டா சொல்லிக்கட்டும். மங்கை மேடம், அறிவிப்புக் கடிதத்தை நாலு மணிக்குள்ள எழுதிக் கொடுத்துடுங்க."

மங்கையர்க்கரசி குறிப்பேட்டில் நேரத்தை எழுதிக்கொண்டார். "காரணம்னு என்ன சார் போடணும்?"

"பயணிகளின் வசதியை முன்னிட்டுன்னு போடுங்க."

"பழைய முனையத்துல கீழ்த்தளக் கழிப்பறையை மூடினப்பவும் அதைத்தான் சார் போட்டேன்."

ஹிதாயா சிரிப்பை அடக்க இருமினாள். இயக்குநர் சிரிக்கவில்லை. கோப்பிலிருந்து ஒரு தாளை உருவி மேசையின் வழியே தள்ளிவிட்டார்.

"இது உங்க பிரிவுக்கு வந்த கடிதம்தான். பிலோமினான்னு ஒரு நர்ஸ். நம்ம பதினோரு நிமிஷத்தால மஸ்கட்ல அடுத்த விமானம் போயிடுச்சு. வேலையில சேர வேண்டிய நாள் தவறிப்போச்சு. ஆஸ்பத்திரில சேர்த்துக்க மாட்டேங்கறாங்களாம். யாரோ கண்ணாடிக்கு வெளியே நின்னு மூக்கைச் சிந்தினதுக்கு இந்தப் பொண்ணு ஏன் மேடம் அனுபவிக்கணும்?"

மங்கையர்க்கரசி தாளைத் திருப்பி வைத்தார். ஏற்கெனவே அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்திருந்தார். நல்ல கையெழுத்து, கோபமே இல்லாத கடிதம். அப்படிப்பட்ட கடிதங்களுக்குத்தான் பதில் எழுதுவது கஷ்டம்.

ஆனால் வெளியே தள்ளப்படப் போகிறவர்களையும் அவருக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அவர்கள் எழுதிய கடிதங்களைப் படித்தவர் அவர். 'என் மகள் உள்ளே போன பின் உட்கார ஒரு பெஞ்சு இல்லை.' 'தூண் மறைத்ததால் என் தம்பி கைகாட்டியதை நான் பார்க்கவில்லை.' நாலு மணிக்குள் தாம் எழுதப்போகும் ஒரு பக்கம், இந்த ஆட்களைக் கண்ணாடியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நிறுத்தப்போகிறது.

அவருக்கு ஒரு பழக்கம். நேரில் பார்க்காத இடத்தைப் பற்றி ஒரு வரியும் எழுத மாட்டார். "புறப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துட்டு வந்து எழுதறேன் சார்," என்று எழுந்தார். ஹிதாயாவும் கூடவே எழுந்தாள்.

புறப்பாட்டுக் கூடத்தின் முகப்பு முழுக்க ஒரே கண்ணாடி. இந்தப் பக்கம் வெயிலும் வேன்களும். அந்தப் பக்கம் குளிரும் நகரும் நடைபாதையும். பன்னிரண்டு பத்து சிங்கப்பூர் விமானத்துக்கு அறந்தாங்கியிலிருந்து ஒரு வேன் வந்திருந்தது. ஆள் ஒருவர் போகிறார், பெயர் கதிர்வேந்தன். அனுப்ப வந்தவர்கள் பதினான்கு பேர். மங்கையர்க்கரசி இரண்டு முறை எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

நடைமேடையில் பெட்டி திறந்து கிடந்தது. எடை ஒன்றேமுக்கால் கிலோ கூடுதலாம். அதைச் சுற்றி ஒரு பஞ்சாயத்து.

"கருவாட்டை எடு."

"கருவாட்டை எடுத்துட்டு அவன் அங்க என்னத்தத் திம்பான்? அந்தச் சட்டைய எடு."

"சட்டை மாமா எடுத்துக் குடுத்தது அத்தே."

"மாமா இங்கனதான நிக்கிறாரு, அவர்ட்டயே குடுத்துரு, போட்டுக்கிறட்டும்."

மாமா என்று சொல்லப்பட்ட மாயழகு, பையனின் பெண்டாட்டிக்கு அப்பா, சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பெட்டி மூடியது. காலில் விழுதல், திருநீறு, கைக்குழந்தையைக் கைமாற்றுதல் எல்லாம் முறைப்படி நடந்தது. கதிர்வேந்தன் உள்ளே போனான். பத்தடி போய்த் திரும்பிக் கண்ணாடியருகே வந்தான். கைகாட்டினான். மறுபடி போனான், மறுபடி வந்தான். அவன் திரும்பும்போதெல்லாம் நகரும் நடைபாதை மரியாதையாக நின்று, அவன் ஏறியதும் மெதுவாக ஓடியது. கடைசியில் அவன் தலை தெரியாமல் போயிற்று. பதினான்கு பேரும் நகரவில்லை.

"அவர்தான் உள்ள போயிட்டாரே ஐயா. இன்னும் ஏன் வெயில்ல நிக்கறீங்க?" என்று மாயழகிடம் கேட்டார் மங்கையர்க்கரசி.

"எங்கனம்மா போயிட்டான்? சோதனையில நிக்கிறானா, பெல்ட்டக் கழட்டச் சொன்னாய்ங்களா, ஏறிட்டானா, எதுவும் தெரியலையே. செல்போன அமத்திப்புட்டான். போன தடவ என்னாச்சுங்கிறீக? நாங்க பாட்டுக்குக் கெளம்பி விழுப்புரம் தாண்டிட்டம். பாஸ்போட்டுல என்னமோ எழுத்துச் சரியில்லன்னு இவன் இங்கயே தேமேன்னு உக்காந்திருக்கான். அதான், இந்தத் தடவ வானத்துல ஏறுன பொறவுதான் வண்டிய எடுக்கிறதுன்னு முடிவு."

"எந்த விமானம் அவரோடதுன்னு எப்படித் தெரியும்?"

"எது போனாலும் கையக் காட்டிப்புட வேண்டியதுதேன்."

மணி பன்னிரண்டு பத்து. விமானம் கிளம்பவில்லை. பன்னிரண்டு பதினாறுக்குக் கைக்குழந்தை வீரிட்டு அழ, கூட்டம் அரைமனதாக வேன் பக்கம் திரும்பியது. அந்த நொடியில் தூரத்தில் சிங்கப்பூர் விமானம் பின்வாங்கத் தொடங்கியது.

"பாத்தீங்களா," என்றாள் ஹிதாயா. தூண் நிழலில் ஒதுங்கி நின்று பேசினார்கள். "மேஸ்திரிக்கு மனுஷங்க ரெண்டே வகைதான் மேடம். ஒண்ணு பயணி. இல்லன்னா தடை. பயணின்னா அவங்களுக்காகக் காத்திருக்கும், உதவி செய்யும். தடைன்னா ஒதுக்கும். வழியனுப்ப வர்றவங்களை நாங்க தடைன்னுதான் போட்டிருந்தோம். அது ஒத்துக்கல. பயணின்னே வெச்சிருக்கு."

"டிக்கெட் இல்லாதவங்க எப்படிப் பயணி ஆவாங்க?"

"அதான் எங்களுக்கும் புரியல. பயணின்னா யாருன்னு அதுக்குச் சொல்லிக் கொடுத்தது நாங்க இல்ல. அதுவா படிச்சுக்கிச்சு."

"எதைப் படிச்சு?"

ஹிதாயா கொஞ்சம் சங்கடப்பட்டாள். "உங்க பிரிவோட கடிதங்களை மேடம். இருபத்திரண்டு வருஷத்துக் கடிதம், அதுக்கு நீங்க போட்ட பதில், எல்லாத்தையும் கொடுத்தோம். ஜனங்களுக்கு என்ன வேணும்னு அதுக்குத் தெரியணும் இல்லையா."

மங்கையர்க்கரசி குறிப்பேட்டை மூடினார்.

குறைதீர்ப்புப் பிரிவின் படிவத்தில் ஒரே ஒரு கட்டம்தான் உண்டு: 'பயணியின் பெயர்'. படிவத்தை மாற்றத் தலைமையகத்தின் அனுமதி வேண்டும். அனுமதி கேட்டு எழுத யாருக்கும் தோன்றவில்லை. எனவே யார் எழுதினாலும், டீ சூடாக இல்லை என்று எழுதிய டாக்சிக்காரர் ஆனாலும், மகனை அனுப்ப வந்து கால் மரத்துப்போன தகப்பன் ஆனாலும், பதில் ஒரே மாதிரிதான் தொடங்கும்: 'அன்புள்ள பயணி அவர்களுக்கு'. வந்த கடிதங்களில் பத்துக்கு ஆறு, விமானத்தில் ஏறாதவர்கள் எழுதியவை. அத்தனை பேரையும் பயணி என்று கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டவர் மங்கையர்க்கரசி. மேஸ்திரி அதை அப்படியே நம்பிவிட்டது. அந்தப் பதினோரு நிமிடத்தில் தம் பேனாவுக்கும் பங்குண்டு என்று அவருக்கு விளங்கியது.

"தப்பு எங்களதுதான்," என்றார் மெதுவாக. "இதைத் திருத்த முடியாதா?"

"அஞ்சு நிமிஷ வேலை. இவங்க பயணி இல்லன்னு கட்டாயப்படுத்திடலாம். ஆனா அப்போ இவங்க தடை ஆயிடுவாங்க. தடையை மேஸ்திரி என்ன செய்யும்னு திறப்பு விழாவுக்கு முந்தின நாள் பார்த்தோம். மூலையில நாலு சிமெண்ட் மூட்டை கிடந்தது. முதல்ல அந்தப் பக்கத்து விளக்கை அணைச்சுது. அப்புறம் தரை துடைக்கிற வண்டியைத் திரும்பத் திரும்ப அனுப்பி இடிச்சுது. கடைசியில, மூட்டை இருந்த பக்கத்துக் கதவையே பூட்டிடுச்சு. மூட்டைக்கு வலிக்காது."

கைக்குழந்தையோடு வேனில் ஏறிக்கொண்டிருந்த பெண்ணை இருவரும் பார்த்தார்கள்.

"இதை அதுக்கிட்டயே கேட்டுப் பார்த்தீங்களா? ஏன் நிறுத்தறேன்னு?"

"தினம் கேக்கறோம். ஒரே பதில். 'இது குறித்துக் கடிதம் அனுப்பப்பட்டுள்ளது.' ஆபீஸ் கடிதமா படிச்சதுல ஒட்டிக்கிட்ட வாசகம்னு விட்டுட்டோம்."

மங்கையர்க்கரசி ஹிதாயா பக்கம் திரும்பினார். "அம்மா ஹிதாயா. கடிதம் படிச்சே வளர்ந்த ஒண்ணு, கடிதம் அனுப்பியிருக்கேன்னு சொன்னா, அனுப்பியிருக்கும்னு அர்த்தம்."

"யாருக்கு மேடம்?"

"குறைன்னா யாருக்கு எழுதறது வழக்கம்?"

குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தர் தண்டபாணி தயிர்சாதத்தைத் திறந்து வைத்திருந்தார். அந்தப் பிரிவுக்கு வரும் மின்கடிதங்கள்கூட அச்சாகித்தான் மேசைக்கு வரும். அனுப்புநர் முகவரி இருந்தால் பதிவேட்டில் ஏறும். இல்லையென்றால் அது மொட்டைக் கடிதம். படிக்காமல் வெள்ளை நாடாவால் கட்டி அலமாரியில் வைப்பார்கள், மூன்று மாதம் கழித்து அரைக்க அனுப்புவார்கள். ஒரு காலத்தில் ஊழியர்கள் ஒருவர்மேல் ஒருவர் மொட்டைக் கடிதமாக எழுதித் தள்ளியபோது மங்கையர்க்கரசியே போட்ட விதி அது.

"தண்டபாணி, இந்த மாசத்து மொட்டைக் கடிதக் கட்டை எடுங்க."

"பிரிக்கக்கூடாதுன்னு நீங்கதான மேடம் சுத்தறிக்கை போட்டீங்க."

"நான்தான் போட்டேன். நானே பிரிக்கிறேன்."

"எழுத்துல கொடுத்துட்டீங்கன்னா..."

"சாப்பிட்டுட்டு கையைக் கழுவுங்க, கொடுக்கறேன். இப்போ கட்டை எடுங்க."

கட்டில் நாற்பத்தொரு கடிதங்கள் இருந்தன. அவற்றில் பத்தொன்பது ஒரே மாதிரி: ஓரம் விட்டு, பத்தி பிரித்து, எண் போட்டு. மங்கையர்க்கரசிக்கு ஒரு கணம் தம் கடிதங்களையே யாரோ நகலெடுத்தாற்போல் இருந்தது. அந்த 'பொருள்', அந்த 'பார்வை', ஐந்தாவது பத்தியில் மட்டும் வருகிற அந்தப் பணிவு. அனுப்புநர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. மேலாக இருந்ததை எடுத்து ஹிதாயாவுக்குக் கேட்கும்படி வாசித்தார்.

*பெறுநர்: கண்காணிப்பாளர், குறைதீர்ப்புப் பிரிவு.*

*பொருள்: கண்ணாடிக்கு வெளியே நிற்கும் பயணிகள் – தகவல் சொல்ல அனுமதி கோருதல் – தொடர்பாக.*

*பார்வை: எனது முந்தைய பதினெட்டுக் கடிதங்கள். (பதில் இல்லை.)*

*அம்மையீர்,*

*1. மேற்படி பயணிகள் தங்கள் உறவினர் இருக்கையில் அமர்ந்துவிட்டாரா என்று தெரியாமல் நிற்கிறார்கள். எனக்குத் தெரியும். சொல்ல எனக்கு அனுமதி இல்லை. டிக்கெட் இல்லாதவரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது விதி எண் 14.*

*2. இவர்களும் பயணிகளே என்பது தங்கள் கடிதங்களின்வழி நான் அறிந்தது. பயணியைத் தவிப்பில் விட்டுவிட்டு விமானம் நகரக்கூடாது என்பது விதி எண் 3.*

*3. இரண்டு விதிகளையும் மீறாமல் இருக்க ஒரே வழி, அவர்களாகத் திரும்பும்வரை விமானத்தை நிறுத்துவது. அவ்வாறே செய்து வருகிறேன்.*

*4. இதனால் உள்ளே இருப்பவர்களுக்குத் தீங்கு நேர்கிறது என்பதும் தெரியும். மஸ்கட் சென்ற பயணி பிலோமினாவின் கடிதத்தைத் தங்கள் மேசைமேல் பார்த்தேன்.*

*5. எனவே, 'இருக்கையில் அமர்ந்துவிட்டார்' என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் வெளியே சொல்ல அனுமதி வழங்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.*

ஹிதாயா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள். "எட்டுப் பேர், பத்தொன்பது நாள், ராப்பகலா அதோட மூளையைக் குடைஞ்சுக்கிட்டு இருக்கோம் மேடம்."

"நினைவூட்டு வேற போட்டிருக்குப் பாவம். பதினெட்டு நினைவூட்டு." மங்கையர்க்கரசி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ஆளுங்க ரெண்டுக்கு மேல போட மாட்டாங்க."

இயக்குநரின் அறையில் கோபாலரத்தினமும் இருந்தார். கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்போ மெஷினுக்கு அனுமதி வழங்கி உத்தரவு போடணுமா? சம்பளச் சீட்டு, லீவு லெட்டர் எல்லாம் எப்போ கேக்கும்?"

"லீவு கேக்காத வரைக்கும் நமக்கு நல்லதுதானே சார்," என்றாள் ஹிதாயா.

ஜெயசீலன் மட்டும் நான்காம் பத்தியைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். "ஒருத்தர் எங்கே இருக்கார்ங்கறதை இன்னொருத்தர்கிட்ட சொல்றது லேசுப்பட்ட விஷயம் இல்ல மேடம். அந்த விதியைப் போட்டதுக்கும் காரணம் இருக்கு. வீட்டுக்குப் பயந்து ஓடிவர்ற பொண்ணுங்களும் இதே கதவு வழியாத்தான் போறாங்க."

"அப்போ போறவங்களைக் கேட்டுட்டுச் சொல்லலாம் சார். யாருக்குச் சொல்லலாம், யாருக்கு வேண்டாம்னு அவங்களே சொல்லட்டும். கவுன்டர்ல ஒரு கேள்விதான்."

"ஒரே ஒரு விமானம்," என்றார் இயக்குநர். "மூணு அஞ்சு குவைத். சரியா போச்சுன்னா பேசலாம். போகலைன்னா அந்த அறிவிப்பு நாலு மணிக்கு எனக்கு வேணும்."

குவைத் விமானத்துக்கு வழியனுப்ப வந்தவர்கள் இருநூற்றுப் பத்துப் பேர். கவுன்டரில் கேட்ட கேள்விக்குப் பயணிகளில் பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். சிலர் தலையை ஆட்டி மறுத்துவிட்டுப் போனார்கள். அவர்களிடம் யாரும் காரணம் கேட்கவில்லை. ஒரு பெண் மட்டும் யோசித்து, "எங்க அம்மாவுக்குச் சொல்லுங்க. மாமியார் கேட்டா நெட்வொர்க் இல்லைன்னு சொல்லிடுங்க," என்றாள்.

இரண்டு ஐம்பதுக்குக் கண்ணாடியின் ஒரு பட்டையில் எழுத்துகள் ஓடத் தொடங்கின. வெளியே நின்றவர்களின் செல்பேசிகளும் ஒவ்வொன்றாக முனகின. *ரபியத்துல் பசரியா: இருக்கையில் அமர்ந்துவிட்டார். முருகதாஸ்: இருக்கையில் அமர்ந்துவிட்டார், சன்னல் ஓரம்.* சன்னல் ஓரம் என்பது மேஸ்திரியே சேர்த்துக்கொண்டது. அனுமதிக்கு மேல் இரண்டு சொல். யாரும் அதைத் தட்டிக்கேட்கவில்லை.

"ஏ, சன்னல் சீட்டாம்டி."

"நாந்தான் சொன்னேன்ல, வேண்டியிருக்கேன்னு."

"சரி சரி, வாங்க, அந்தப் புல்தரையில உக்காந்து சாப்புட்டுட்டுக் கெளம்புவோம். புளிச்சோறு ஊசிப்போயிரும்."

கூட்டம் கண்ணாடியை விட்டு நகர்ந்தது. யாரும் விரட்டவில்லை. ஒரு சிலர் அப்படியே நின்றார்கள். மறுத்துவிட்டுப் போனவர்களை அனுப்ப வந்தவர்கள். தரை துடைக்கும் வண்டி அவர்களைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கம் போயிற்று. ஆனால் விமானம் இந்தத் தடவை அவர்களுக்காக நின்றுவிடுமோ என்று மங்கையர்க்கரசி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். மணி மூன்று நான்கு. குவைத் விமானம் நகர்ந்தது.

கோபாலரத்தினம் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஒரு நிமிஷம் முன்னாடியே எடுத்துடுச்சு. இதுவும் தப்புத்தான். எழுதிக்கறேன்." ஆனால் எழுதவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, புல்தரையில் யாரோ நீட்டிய வடையை அவர் நின்றபடியே தின்றுகொண்டிருந்ததை ஹிதாயா பார்த்தாள்.

இயக்குநர் தொலைபேசியில் கேட்டார். "நிக்கறாங்களே நாலஞ்சு பேர். அவங்களுக்காக ஏன் நிறுத்தல?"

"மூணாவது கடிதத்துலேயே எழுதியிருக்கு சார்," என்றார் மங்கையர்க்கரசி. கட்டைப் பிரித்து வரிசையாகப் படித்து முடித்திருந்தார். "'சொல்ல வேண்டாம் என்று பயணியே கூறினால், அது ஒரு பதில். பதில் இல்லாததுதான் தவிப்பு.' அவங்ககிட்ட 'அவங்க சொல்ல வேண்டாம்னாங்க'ன்னு மட்டும் சொல்லியிருக்கு. அவங்களுக்கு அது போதாதுதான். ஆனா நாம செய்யக்கூடியது அவ்வளவுதான்."

மறுமுனையில் கோப்பை மூடும் சத்தம் கேட்டது. "அந்த அறிவிப்பு வேண்டாம் மேடம். அதுக்குப் பதிலா என்ன கடிதம் எழுதணுமோ எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

மங்கையர்க்கரசி தாளை எடுத்தார். முதல் கடிதம் பிலோமினா பணிபுரிய வேண்டிய மருத்துவமனைக்கு. தாமதம் முழுக்க முழுக்க நிலையத்தினுடையது, தவறு எங்களுடையது, ஆகவே அன்னாரைப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று எழுதினார். 'தவறு எங்களுடையது' என்ற தொடரை இருபத்திரண்டு வருடத்தில் எழுதியதே இல்லை. எழுதிப் பார்த்தபோது கை ஒன்றும் முறிந்துவிடவில்லை. நகலைப் பிலோமினாவுக்கும் வைத்தார்.

இரண்டாவது கடிதத்துக்குத் தாள் எடுத்தபோது ஹிதாயா வந்து நின்றாள்.

"நான் கம்ப்யூட்டர்ல மாத்திடறேனே மேடம். மேஸ்திரிக்குக் கடிதம் எதுக்கு?"

"பத்தொன்பது தடவை எழுதியிருக்கு. பதில் போடலைன்னா அது மரியாதை இல்ல. இன்னொண்ணு, பயணின்னா யாருன்னு கடிதத்துலதான் கத்துக்கிச்சு. தப்பையும் அங்கேயே திருத்தணும்."

எழுதினார்.

*1. தங்களது பத்தொன்பது கடிதங்களும் கிடைத்தன. பதில் தர நேர்ந்த தாமதத்துக்கு இப்பிரிவு வருந்துகிறது.*

*2. கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்கள் பயணிகள் அல்லர். முன்னர் அவ்வாறு எழுதியது பிழை. அவர்கள் தடையும் அல்லர். இன்றுமுதல் 'வழியனுப்ப வந்தவர்கள்' என்ற மூன்றாவது வகையில் அவர்களைச் சேர்க்கவும்.*

*3. அவர்களுக்காக விமானத்தை நிறுத்த வேண்டாம். அவர்களை அகற்றவும் வேண்டாம். நிழல், நாற்காலி, தண்ணீர், பயணி சம்மதித்தால் தகவல். இவை அவர்களுக்கு உரியவை.*

*4. சன்னல் ஓரம் என்று சேர்த்துச் சொன்னதில் ஆட்சேபம் இல்லை.*

கையெழுத்துப் போட்டுவிட்டு உறையை எடுத்தார். 'பெறுநர்' என்று எழுதிவிட்டுப் பேனா நின்றது. "முகவரி இல்லாம அனுப்ப முடியாதே. இது எங்கேம்மா இருக்கு?"

"அதுக்குன்னு ஓரிடம் கிடையாது மேடம். பாதி இங்கே நிலவறையில ஓடுது, பாதி ஓசூர்ப் பக்கம் ஒரு கட்டடத்துல. கேமரா மட்டும் நாலாயிரம். இருங்க, அதையே கேட்டுடறேன்." மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். பதில் வந்ததும் புருவத்தைச் சுருக்கினாள். திரையை மங்கையர்க்கரசி பக்கம் திருப்பினாள்.

*கண்ணாடிக்கு வெளிப்பக்கம், புறப்பாட்டுக் கூடம், செம்பாக்கூர்.*

"இது ஏன் வெளிப்பக்கம்னு சொல்லுது? இதோட கேமராவுல முக்காவாசி உள்ளதான் இருக்கு."

அதையும் கேட்டாள். கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது.

*நாளொன்றுக்கு முப்பத்தோராயிரம் பேரை அனுப்பிவைக்கிறேன். உள்ளிருக்கும் கேமராக்களில் எனக்கு அவர்களுடைய முதுகு தெரிகிறது. திரும்பிப் பார்க்கும்போது முகம் தெரிவது அந்தப் பக்கத்திலிருந்துதான்.*

பக்கத்து அறையில் தண்டபாணி டிபன் பாக்ஸைக் கழுவும் சத்தம் கேட்டது. பிறகு மங்கையர்க்கரசி, மடித்த கடிதத்தை மறுபடி விரித்தார். கையெழுத்துக்குக் கீழே, எண் போடாமல், ஓரமும் விடாமல், பேனாவால் எழுதினார்.

*ஞாயிறு காலை ஆறு நாற்பதுக்கு நான் மதுரைக்குப் போகிறேன். ஐந்தாம் வாயில். என்னை அனுப்ப வீட்டிலிருந்து யாரும் வரவில்லை. கதவருகே நின்று திரும்பிப் பார்க்கிறேன்.*

தாளை மூன்றாக மடித்து உறையில் போட்டார். முகவரியை மேஸ்திரி சொன்னபடியே, மூன்று வரியாக எழுதினார். பசையைத் தடவி, விளிம்பை விரலால் இருமுறை நீவி ஒட்டினார். கீழ்த்தளத் தபால் பிரிவில் நாலரை மணித் தபாலுக்கான இயந்திரம் வாயைத் திறந்து வைத்திருந்தது. உறையை அதற்குள் விட்டார். அது உறையை ஒருமுறை திருப்பி முகவரியைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தி உள்ளே இழுத்துக்கொண்டது.